மலை ஜீப் கேள்வி–பதில்: பின்னால் வெளிச்சம்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும் வண்டிகளின் பின்விளக்கு பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது பழைய மஹிந்திரா கமாண்டர். போடியிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறோம். தோட்டப் பாதையில் எதிரே வண்டி வந்துவிட்டால், ஒதுங்க இடம் கிடைக்கும் வளைவு வரை ரிவர்ஸில்தான் வரவேண்டும். இருட்டிவிட்டால் கம்பெனி ரிவர்ஸ் லைட் மின்மினிப் பூச்சி மாதிரிதான். கூட வருகிறவர் இறங்கி டார்ச் அடிக்கிறார். தனியாக லைட் போட என்னென்ன வாங்க வேண்டும், எப்படி மாட்ட வேண்டும்?
– வாசகர், பூப்பாறை

பதில்: கடைக்குப் போவதற்கு முன் இருக்கிற விளக்கைப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் ரிவர்ஸ் லைட் பெரும்பாலும் 21 வாட் பல்பு. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதே நேரத்தில் பல்ப் ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 11 வோல்ட்தான் காட்டுகிறது என்றால், ஹோல்டர் எர்த் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்திருக்கிறது அல்லது நடுவில் ஏதோ ஒரு கனெக்டர் பச்சை பூத்திருக்கிறது. அதைச் சுரண்டி, லென்ஸின் உள்பக்கச் சேற்றையும் கழுவினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் கூடுதல் விளக்குக்கு வாருங்கள்.

வாங்க வேண்டியது 18 வாட் எல்.இ.டி. இரண்டு, வெளிச்சம் அகலமாக விரியும் ஃபிளட் வகை. ஒரே கோட்டில் பாய்கிற ஸ்பாட் வகை உங்களுக்கு ஆகாது. பின்னால் வரும்போது நூறடி தள்ளி இருக்கும் மரம் தெரிந்து பயன் இல்லை. டயருக்குப் பக்கத்தில் மண் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும். அந்த அகலத்துக்கு 60 டிகிரி விரிவு சரியாக இருக்கும். வாட்டைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. ஈரப் பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணாடி வழியாக உங்கள் கண்ணைத்தான் கூச வைக்கும்.

இடம்: பின் பம்பரின் இரண்டு ஓரங்கள், தரையிலிருந்து 70 செ.மீ. அளவில். பம்பருக்குக் கீழே தொங்கவிட்டால் மேட்டில் ஏறி இறங்கும்போது முதலில் தரை தட்டுவது விளக்குதான். பம்பர் முகத்தைவிட இரண்டு செ.மீ. உள்ளே தள்ளி மாட்டினால், திட்டில் இடித்தாலும் அடியைப் பம்பர் வாங்கிக்கொள்ளும். கூரை மேல் வைக்க ஆசைப்படாதீர்கள். மூட்டையின் நிழல் தரையில் விழும், மூடுபனியில் எதிரே வெள்ளைத் திரை கட்டியது போல ஆகும். பின்கதவில் மாட்டுவதும் தொல்லை. கதவு கீல் அருகே வயர் திரும்பத் திரும்ப மடிந்து, வெளி உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்துவிடும்.

இனி சாமான். 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு கால் ரிலே (சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் சுவிட்ச்) ஒன்று, அதற்கு சாக்கெட், பிளேடு பியூஸ் ஹோல்டர் ஒன்று, மூடி உள்ளதாக, 7.5 ஆம்பியர் பியூஸ் இரண்டு, ஒன்று கையிருப்புக்கு, 1.5 சதுர மி.மீ. ஆட்டோ வயர் சிவப்பில் 7 மீட்டர், கறுப்பில் 4 மீட்டர். ரிலேவை இயக்க 0.75 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர். வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் பைப் 10 மி.மீ. அளவில் 7 மீட்டர். உள்ளே பசை தடவிய, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ரிங் லக், கேபிள் டை. வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி வயரைக் கொண்டு வராதீர்கள், அதிர்விலேயே முறிந்துவிடும். பல இழை உள்ள வயர்தான் வேண்டும்.

கணக்கு எளிது. இரண்டு விளக்கும் சேர்ந்து 36 வாட், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. வயரில் போகவர 10 மீட்டர் என்றாலும் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். முதலில் விளக்கை மாட்டுங்கள். துளை போட்ட ஓரத்தில் ரெட் ஆக்சைடு தொட்டு வைத்தால் துரு பிடிக்காது. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள். சாதா நட் இந்தப் பாதையில் நாலு நாளில் கழன்று விழும்.

ரிலேவை பேட்டரி பக்கம், இஞ்சின் சூடு நேராகப் படாத இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே பார்த்தால் சாக்கெட்டில் தண்ணீர் தேங்கும். ரிலேயின் அடியில் கால் எண் பொறித்திருக்கும். பேட்டரி பிளஸிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கு. பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் உரசிப் பாடியில் பட்டால் அதை அணைக்க எதுவும் கிடையாது. 87-லிருந்து விளக்குகளுக்கு. 85 எர்த். 86-க்கு ரிவர்ஸ் சிக்னல்.

அந்த சிக்னலை எங்கே எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரிவர்ஸ் சுவிட்ச் கியர்பாக்ஸில் திருகியிருக்கும். அதிலிருந்து இரண்டு வயர் வரும். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். ஒரு வயரில் எந்த கியரிலும் விளக்கு எரியும். மற்றதில் ரிவர்ஸ் போட்டால் மட்டும் எரியும். இந்த இரண்டாவதுதான் 86-க்கு. ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. அதனால் பழைய சுவிட்சுக்கோ வயருக்கோ புதிதாகச் சுமை எதுவும் சேராது. வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பால் சிக்னல் எடுக்காதீர்கள். அது நாலைந்து இழையை அறுத்துவிடும், அந்த வழியே தண்ணீரும் இறங்கும். ஒரு செ.மீ. உரித்து, சுற்றி, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள்.

வயரை சேசிஸ் சட்டத்தின் உள்பக்கமாகப் பைப்புக்குள் கொண்டுபோய், சாணுக்கு ஒரு டை போடுங்கள். சைலன்சரிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்க வேண்டும். பிரேக் பைப்போடும் டீசல் பைப்போடும் சேர்த்துக் கட்டவே கூடாது. தகடு துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் க்ரோமெட் கட்டாயம்.

எர்த்துக்கு வருவோம். பட்டறைக்குத் திரும்பி வரும் வேலைகளில் பெரும்பாலானவை இங்கேதான் கோளாறு. பாடி, சேசிஸ் மேல் ரப்பர் பேடில் உட்கார்ந்திருக்கிறது. பாடியில் ஒரு திருகைப் போட்டு எர்த் எடுத்தால், மின்சாரம் வேறெந்தக் குறுக்குவழியிலோ திரும்பவேண்டியிருக்கும். இரண்டு விளக்கின் கறுப்பு வயரையும் சேசிஸில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளி மாதிரி பளபளக்க வேண்டும். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். விளக்கு எரியும்போது பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் கறுப்பு வயருக்கும் நடுவில் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கடைசியாகக் கோணம். சமதளத்தில் வண்டியின் பின்பக்கம் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். விளக்கு 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் மையம் சுவரில் 35 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். அப்படியென்றால் அது 10 மீட்டரில் தரையைத் தொடும். இரண்டு விளக்கையும் 15 டிகிரி வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள், பாதையின் ஓரம் தெரியும். இதை வண்டி காலியாக இருக்கும்போதே செய்யுங்கள். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். ஹெட்லைட் மேலே தூக்கும், பின்விளக்கு அதற்கு எதிராகக் கீழே இறங்கும். காலி வண்டியில் அடுத்தவர் கண்ணில் படாத விளக்கு, ஏற்றிய வண்டியிலும் படாது.

கேள்வி: கம்பத்தில் ஒரு கடையில் 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டுக் கொடுத்தார்கள். ரிவர்ஸ் லைட் வயரிலேயே சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பியூஸ் போனது. 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போட்டோம். இப்போது ரிவர்ஸ் போட்டால் ரப்பர் கருகிய வாடை வருகிறது, வெளிச்சமும் மஞ்சளாக இருக்கிறது.
– வாசகர், கம்பம்

பதில்: அந்த 20 ஆம்பியர் பியூஸை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பது அதுதான், சிவப்பு 10.

ஹாலஜன் இரண்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். பழைய ரிவர்ஸ் பல்பு இரண்டும் எரிந்தால் இன்னொரு 3.5. ஆக கிட்டத்தட்ட 13 ஆம்பியர், மூன்று நாலு ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் ஓடுகிறது. பியூஸ் போனது கோளாறு அல்ல, அதன் வேலையே அதுதான். நீங்கள் 20 போட்டதும் பியூஸ் சும்மா இருந்துவிட்டது, அதன் வேலையை வயர் செய்யத் தொடங்கிவிட்டது. வாடை அங்கிருந்து வருகிறது.

மஞ்சள் வெளிச்சத்துக்கும் இதே காரணம். 5 மீட்டர் மெல்லிய வயரில் ஒன்றரை வோல்ட் கரைந்துபோகிறது. ஹாலஜன் விளக்கில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கருகிய வயரை டேப் சுற்றி விடாதீர்கள். ரிவர்ஸ் சுவிட்சிலிருந்து பின்விளக்கு வரை கையால் தடவிப் பார்த்து, விறைத்துப்போன நீளம் முழுவதையும் மாற்றுங்கள். சுவிட்சையும் சோதியுங்கள். உள்ளே முனை ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் கியரிலும் ரிவர்ஸ் லைட் எரியும். ஹாலஜனே இருக்கட்டும் என்றால் தனி ரிலே, 2.5 சதுர மி.மீ. வயர், நீல நிற 15 ஆம்பியர் பியூஸ். இதற்கு 18 வாட் எல்.இ.டி.க்கு மாறுவதே மேல்.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு சுற்றுலா ஜீப் ஓட்டுகிறோம். ஐ.பி. 67 என்று போட்ட எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்கிறது, ஒன்று அணைந்தே போனது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், சூரியநெல்லி

பதில்: மட்டமான சரக்காகவும் இருக்கலாம். ஆனால் நல்ல விளக்கிலும் இது நடக்கும். ஐ.பி. 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வாட்டர் சர்வீஸில் பைப்பை நேராகக் காட்டி அடிப்பது அதில் சேராது.

பெரும்பாலும் தண்ணீர் கண்ணாடி வழியாகப் போவதில்லை, வயர் வழியாகப் போகிறது. எரிந்து சூடான விளக்கின் மேல் மழை பட்டுக் குளிர்ந்ததும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். வயரின் மறுமுனையில் சாதா இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், அங்கிருந்து செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவே ஈரம் விளக்குக்குள் ஏறிவிடும். அணைந்துபோன விளக்கின் வயரை நறுக்கிப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் இதுதான் காரணம். இணைப்பில் பசை உள்ள ஸ்லீவ் போட்டு, சுருக்கும்போது இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்குகிறதா என்று பாருங்கள். விளக்குக்குள் வயர் நுழையும் இடத்துக்குக் கீழே யு மாதிரி ஒரு தொய்வு விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அந்தப் பாறைப் பாதையில் பிராக்கெட் முறிவதும் சகஜம். விளக்கைத் தாங்கும் தகடு 3 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கேள்வி: வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் பக்கம் பகலிலேயே மூடுபனி. பின்னால் வரும் வண்டிக்கு நாம் இருப்பது தெரியவேண்டும் என்று பின்பக்க வெள்ளை லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். நிறுத்தி அபராதம் போட்டார்கள். பாதுகாப்புக்குத்தானே போட்டேன்?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: நினைத்தது நல்லதுதான், செய்தது ஆபத்து. பனிக்குள் வெள்ளை விளக்கைப் பார்ப்பவர் எதிரே வண்டி வருகிறது என்றுதான் நினைப்பார். கொண்டை ஊசி வளைவில் அந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவேண்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 108-இன்படி பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற வெளிச்சம் தெரியக்கூடாது. நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எரியும் விளக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இது ஒன்றுதான். சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றியதாக எழுதினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம்.

உங்களுக்குத் தேவை சிவப்பு ரியர் ஃபாக் லைட். 21 வாட் ஒன்று போதும். ஒன்றே ஒன்று என்றால் வலதுபக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். தரையிலிருந்து 25 செ.மீ.க்கு மேல், 1 மீட்டருக்குக் கீழ். பிரேக் லைட்டிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் விலகி இருக்க வேண்டும்; ஒட்டி இருந்தால் நீங்கள் பிரேக் அடிப்பது பின்னால் வருபவருக்குப் பிரித்துத் தெரியாது. மின்சாரத்தை ஹெட்லைட் டிம் லைனிலிருந்து ரிலே வழியாக எடுங்கள். ஹெட்லைட்டை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும். டாஷ்போர்டில் சின்ன பைலட் விளக்கு ஒன்றும் வையுங்கள். பனி விலகிய பிறகும் இதை எரியவிட்டால் பின்னால் வருபவர் உங்களைத் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: என்னுடையது புது வண்டி. ரிவர்ஸ் பல்பை எடுத்துவிட்டு அந்த சாக்கெட்டிலிருந்தே எல்.இ.டி. கொடுத்தேன். வண்டி நிற்கும்போதும் எல்.இ.டி. மங்கலாக மினுக்குகிறது, மீட்டரில் பல்ப் எச்சரிக்கையும் வருகிறது.
– வாசகர், குமுளி

பதில்: புது வண்டிகளில் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, பல்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய அவ்வப்போது கண் இமைக்கும் நேரத்துக்கு மின்சாரம் அனுப்பிப் பார்க்கும். 21 வாட் பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும், மினுக்கும். எல்.இ.டி. இழுப்பது குறைவாக இருப்பதால் பல்பு போய்விட்டது என்று பெட்டி முடிவு கட்டுகிறது.

பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள், எச்சரிக்கை போய்விடும். எல்.இ.டி.க்குப் பேட்டரியிலிருந்து தனி வயர், பியூஸ், ரிலே. ரிவர்ஸ் வயர் ரிலேயின் 86-ஐ இயக்க மட்டும். காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளிக் கோடு உள்ள முனை 86 பக்கமாக. ரிலே அணையும்போது காயில் உதைக்கும் மின் அதிர்வு பெட்டிக்குப் போகாமல் அது தடுக்கும். திருப்பிப் போட்டால் ரிவர்ஸ் போட்டவுடன் பியூஸ் போகும், கவனம். வாரன்டி இருக்கும் வண்டியில் கம்பெனி வயரை வெட்டாமல், நடுவில் செருகும் கனெக்டராக வாங்கிச் செய்வது நல்லது.

கேள்வி: ராத்திரியில் ஸ்டோரிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றும்போது இஞ்சினை அணைத்துவிட்டு, ரிவர்ஸுக்காக மாட்டிய எல்.இ.டி. லைட்டை மட்டும் போட வேண்டும். தனி சுவிட்ச் வைக்கலாமா? பேட்டரி இறங்குமா?
– வாசகர், சாந்தன்பாறை

பதில்: வைக்கலாம், ஆனால் இரண்டு வயரைச் சும்மா முறுக்கி 86-இல் சேர்க்காதீர்கள். அப்படிச் செய்தால் சுவிட்ச் போடும்போது மின்சாரம் பின்வாங்கி ஓடி, கம்பெனி ரிவர்ஸ் லைட்டையும் பழைய சுவிட்ச் வயர் வழியாக எரியவைக்கும். நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை சுவிட்ச் வாங்குங்கள். நடுக்கால் 86-க்கு, ஒரு பக்கம் ரிவர்ஸ் சிக்னல், மறுபக்கம் 3 ஆம்பியர் பியூஸ் போட்ட பேட்டரி லைன். ரோட்டில் இறங்கும்போது சுவிட்ச் ரிவர்ஸ் பக்கம் இருக்கவேண்டும். டாக்சி பெர்மிட் வண்டியில் இந்த சுவிட்சே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். யாராவது ஒருநாள் மறந்துபோய் எரியவிட்டபடி ரோட்டுக்கு வருவார்கள்.

36 வாட் மூன்று மணி நேரம் எரிந்தால் 9 ஆம்பியர்-அவர். நல்ல 65 ஆம்பியர்-அவர் பேட்டரி அதை உணரவே உணராது. மூன்று வருஷப் பழசாக இருந்தால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிரில் டீசல் இஞ்சினைச் சுழற்றுவது லேசான வேலை இல்லை.

கேள்வி: பின் இண்டிகேட்டரை எல்.இ.டி.யாக மாற்றினேன். படபடவென்று வேகமாக அடிக்கிறது.
– வாசகர், கம்பம்மெட்டு

பதில்: பல்பு ஒன்று போய்விட்டது என்று, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் நினைக்கிறது. எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கிப் பழைய இடத்தில் செருகுங்கள். காலின் வரிசை பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 6 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது எரியும்போது 24 வாட் சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக் மேல் பட்டால் உருக்கிவிடும். போட்டே ஆகவேண்டும் என்றால் இரும்புத் தகட்டில் திருகி வையுங்கள்.